சிகரெட்டை நிறுத்த டாக்டர் எழுதிய மாத்திரை: பயப்படாமல் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "என் கணவருக்கு 46 வயது. இருபது வருடத்துக்கு மேல் சிகரெட், ஒரு நாளைக்குப் பதினைந்து. மூன்று முறை விட்டுப் பார்த்தார், ஒரு வாரம் தாண்டவில்லை. நெஞ்சுச் சளிக்காகப் போன இடத்தில் டாக்டர் வாரெனிக்லின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். தேடிப் பார்த்தால் மனநிலை கெடும், தற்கொலை எண்ணம் வரும் என்றெல்லாம் இருக்கிறது. மாமியாரோ, மனசு வைத்தால் விட்டுவிடலாம், இதற்கு எதற்கு மாத்திரை என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். சில விஷயங்களை மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன். மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் 16 வருடமாக நிற்கிற மருந்தாளுநர் நான். இந்த மாத்திரையை வாங்கிப் போனவர்களில் யார் இரண்டாவது மாதச் சீட்டோடு திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாமியார் சொன்னது. என் அப்பா பீடி பிடிப்பார். ஒவ்வொரு கார்த்திகையும் சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் ஏறிய அன்றைக்கே பீடி நின்றுவிடும். ஒரு மண்டலம் முழுக்கத் தொடமாட்டார், பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் எழுந்து போய்விடுவார். மலை இறங்கி வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கட்டு வாங்கி வந்துவிடும். பதினோரு வருடம் இப்படி நடந்தது. அவருக்கு மனசு உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உறுதி இருந்தது. அது தீர்ந்துபோகிற நாளுக்கு அப்புறமும் மூளை பீடியைக் கேட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். அந்த நாளில் அப்பாவுக்கு இப்படி ஒரு மாத்திரை இருப்பதாகச் சொல்ல ஆள் இல்லை.

புகையை இழுத்த 10, 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஊசி போட்டால்கூட அவ்வளவு வேகம் இருக்காது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால் உங்கள் கணவர் ஒரு நாளைக்கு 150 தடவை மூளைக்கு அந்தச் சுகத்தைக் கொடுக்கிறார். இருபது வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், பத்து லட்சத்தைத் தாண்டும். பத்து லட்சம் தடவை பழக்கியதை ஒரு தீர்மானத்தில் நிறுத்தச் சொல்கிறோம். எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில் ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாம் மனசு வைக்காதவர்கள் இல்லை.

சரி, மாத்திரை என்ன செய்கிறது? பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த வேலைதான். மூளையில் நிக்கோட்டின் போய் உட்காருகிற இடங்கள் இருக்கின்றன. வாரெனிக்லின் அங்கே முன்னாடியே போய்த் துண்டைப் போட்டுவிடுகிறது. அப்புறம் சிகரெட் பிடித்தாலும் நிக்கோட்டினுக்கு உட்கார இடம் கிடைக்காது, பழைய சுகமும் வராது. வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் மனுஷனுக்குத் தாங்காது என்பதால் இன்னொரு வேலையும் செய்கிறது: நிக்கோட்டின் கொடுக்கிற தூண்டுதலில் ஒரு பகுதியை அதுவே மெதுவாகக் கொடுக்கிறது. விருந்து கிடைக்காத வயிற்றுக்கு ஒரு டம்ளர் கஞ்சி மாதிரி. ருசி இருக்காது, ஆனால் பசி அடங்கும். சிகரெட் இல்லாத எரிச்சல், கை நடுக்கம், யார் பேசினாலும் சண்டைக்குப் போவது எல்லாம் குறைவது இதனால்தான்.

இதனால்தான் மாத்திரையை ஆரம்பித்த முதல் வாரம் அவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. "மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார், இன்னும் பிடிக்கிறார், வேலை செய்யவில்லை" என்று நாலாவது நாளே சொல்லுகிற மனைவிமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வாரத்தில் கேட்காதீர்கள். வழக்கமான அளவு இது: முதல் 3 நாள் 0.5 மி.கி. தினம் ஒன்று. 4ஆம் நாளிலிருந்து 7ஆம் நாள் வரை அதே 0.5 காலையும் மாலையும். 8ஆம் நாள் முதல் 1 மி.கி. காலையும் மாலையும். சிகரெட்டை நிறுத்துகிற நாளை 8க்கும் 14க்கும் நடுவில் வைத்துக்கொள்வது வழக்கம். ஒரேயடியாக விட முடியாதவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற முறையும் உண்டு: முதல் 4 வாரத்தில் பாதி, அடுத்த 4 வாரத்தில் மிச்சத்தில் பாதி, 12 வாரத்துக்குள் முழுதாக. அப்படிப் போனால் மாத்திரை மொத்தம் 24 வாரம். எது அவருக்குச் சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு ஆட்டோ ஓட்டுநர், ஐம்பது வயதைத் தொடுகிறவர், ஒன்பதாவது நாள் கடைக்கு வந்தார். "என்னமோ தெரியல, சிகரெட் சப்புன்னு இருக்கு. பாதியிலேயே கீழ போட்டுட்டேன், வேற பிராண்ட் வாங்கிப் பாத்தேன், அதுவும் அப்படித்தான்" என்றார். சிகரெட்டில் ஏதோ கலப்படம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அதுதான் என்று சொன்னதும் கையிலிருந்த பாக்கெட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதே மனிதர் அதற்கு முந்தின வாரம் வாந்தி என்று மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்தான். குமட்டல் இந்த மாத்திரையின் பெரிய தொல்லை, சாப்பிடுகிற பத்துப் பேரில் மூன்று பேருக்கு வரும். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலை ஆறு மணிக்கு டீயோடு போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறார், டிபன் பத்து மணிக்கு. நம் ஊரில் வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரைகள் பழகிவிட்டதால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிடுகிறோம். வாரெனிக்லினை அப்படிப் போடவே கூடாது. நாலு இட்லி உள்ளே போன பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. ஒரு மடக்குத் தண்ணீர் போதாது. அவர் மாத்திரையை டிபனுக்குப் பின்னால் தள்ளினார், மூன்றாவது நாள் குமட்டல் அடங்கிவிட்டது. அப்படியும் அடங்காதவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுப்பார். நிறுத்துவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கனவு வரும், அதுவும் சினிமா மாதிரித் தெளிவாக வரும். விழித்த பிறகும் நினைவிருக்கும். கெட்ட சகுனம் என்று பயப்பட வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குப் போடுகிற மாத்திரையை ஆறு, ஏழு மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மலச்சிக்கல் இன்னொன்று. "காலையில ஒண்ணு பத்தவச்சாத்தான் வெளிக்கு வரும்" என்று சொல்லாத சிகரெட்காரரை நான் பார்த்ததில்லை. நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிறது, அது நின்றதும் குடல் மந்தமாகிறது, மாத்திரையும் தன் பங்குக்கு மலத்தைக் கட்டும். பலர் திரும்பவும் பற்றவைப்பது இந்த ஒரு காரணத்துக்காக. காலையில் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவு வாழைப்பழம், கீரை, தேவைப்பட்டால் சில நாளுக்கு இசப்கோல். சின்ன விஷயம்தான், ஆனால் முதல் இரண்டு வாரம் இதைக் கவனித்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். பயம் காரணமில்லாமல் வரவில்லை. 2006இல் அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்தடுத்த வருடங்களில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு, ஆத்திரம், தற்கொலை எண்ணம் என்று புகார்கள் வந்தன. 2009இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாத்திரைப் பெட்டியோடு வருகிற குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்க வைத்தது. நீங்கள் படித்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துச் செய்திகள். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. உண்மையிலேயே மாத்திரைதான் காரணமா என்று கண்டுபிடிக்க ஈகிள்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 16 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்பவர்கள், அவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள். சிலருக்கு வாரெனிக்லின், சிலருக்கு சிகரெட்டை விடக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான புப்ரோபியான், சிலருக்கு தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் ஒட்டு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வாரெனிக்லின் சாப்பிட்டவர்களுக்கு மனநிலைக் கோளாறு குறிப்பிடும்படி கூடவில்லை. அந்த வருடம் டிசம்பரிலேயே கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் புகார்கள் எல்லாம் பொய்யா? இல்லை. சிகரெட்டை விடும்போது மாத்திரை இல்லாமலேயே மனசு இருண்டுபோகும், தூக்கம் கெடும், கோபம் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு வாரத்தில் தணியும். ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களுக்கு எந்த மருந்தோடு விட்டாலும் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஈகிள்ஸிலும் அப்படித்தான் தெரிந்தது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். அவர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கி உட்கார்ந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அடையாளம் தெரியாத ஆத்திரம் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கூடவே இருக்கிற உங்களுக்குத்தான் அது முதலில் தெரியும்.

அதே ஆய்வில் சிகரெட்டை விட்டவர்கள் கணக்கும் இருக்கிறது. ஒன்பதாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்கள்: வாரெனிக்லினில் நூற்றுக்கு 33.5, ஒட்டில் 23.4, புப்ரோபியானில் 22.6, வெற்று மாத்திரையில் 12.5. ஆறு மாதம் வரை பார்த்தால் அதே வரிசையில் 21.8, 15.7, 16.2, 9.4. மாத்திரை சாப்பிட்டும் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் திரும்பவும் பிடித்திருக்கிறார்கள் என்று இதைப் படிக்கலாம். நான் படிப்பது வேறு மாதிரி: மூன்று முறை தோற்ற ஒருவருக்கு வெற்றி வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. இதய நோய் மருந்துகளில்கூட இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்ப்பது அரிது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வாரெனிக்லினையும் புப்ரோபியானையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

நான் அதிகம் சொல்ல நினைப்பது பன்னிரண்டு வாரத்தைப் பற்றி. கணக்குப் போட்டால் முழுச் சிகிச்சைக்கு 0.5 மி.கி. 11 மாத்திரை, 1 மி.கி. 154 மாத்திரை, ஆக 165. நம் ஊரில் "அண்ணே, ஒரு நாலு மாத்திரை மட்டும் கொடுங்க, பாக்கலாம்" என்று வாங்குவதுதான் பழக்கம். காய்ச்சல் மாத்திரைக்குச் சரி. இதற்கு நாலு நாலாக வாங்கினால் ஏதோ ஒரு நாள் வாங்க மறக்கும், அந்த நாள் பெரும்பாலும் சம்பள நாளாகவோ கல்யாண நாளாகவோ இருக்கும். இன்னொரு கூட்டம், நாலாவது வாரம் சிகரெட் நினைப்பே இல்லை என்றதும் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். "குணமாயிடுச்சு, எதுக்கு வீண் செலவு" என்பார்கள். நினைப்பே இல்லாதது மாத்திரை போட்ட துண்டு இன்னும் அந்த இடத்தில் கிடப்பதால். அதை எடுத்துவிட்டால், இடம் இன்னும் பழைய ஆளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. என் கடையில் திரும்ப சிகரெட்டுக்குப் போனவர்களில் பக்க விளைவால் விட்டவர்களைவிட நன்றாக இருக்கிறது என்று விட்டவர்கள்தான் அதிகம். முடிந்தால் ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வையுங்கள். பன்னிரண்டு வாரம் முடிந்து நன்றாக இருப்பவர்களுக்கும், பிடி நழுவாமல் இருக்க இன்னொரு பன்னிரண்டு வாரம் டாக்டர்கள் எழுதுவதுண்டு.

நடுவில் ஒரு நாள் வழுக்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையை வழக்கம்போலப் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு சிகரெட்டுக்காக வீட்டில் நடக்கிற சண்டைதான் பலரை இரண்டாவது சிகரெட்டுக்குத் தள்ளுகிறது.

டீ, காபி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. சிகரெட் புகையில் இருக்கிற தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபீனைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்ற சில நாளில் அந்த முடுக்கம் போய்விடும். அதே ஆறு டீ குடித்தாலும் உடம்பில் தங்குகிற காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகலாம். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், பழி மாத்திரை மேல் விழும். நிறுத்துகிற நாளிலிருந்து டீயைப் பாதியாக்கிவிடுங்கள். டீக்கடைப் பக்கம் போவது குறைந்தால் அதுவும் நல்லதே, கை தானாகச் சிகரெட்டைத் தேடுகிற இடம் அது. இதே காரணத்தால் நெஞ்சுச் சளிக்குத் தியோபிலின் கலந்த மாத்திரை அவர் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். புகை நின்றால் அதன் அளவும் ரத்தத்தில் ஏறும். க்ளோஸபின், ஒலான்ஸபின் மாதிரியான மனநோய் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். டாக்டர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

குடிப் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுவது நல்லது. இந்த மாத்திரையோடு வழக்கமான அளவே கூடுதல் போதையாக ஏறலாம், நடந்தது நினைவில்லாமல் போகலாம். முதல் சில நாள் வண்டி ஓட்டுவதிலும் கவனம் வேண்டும், சிலருக்குத் தலைசுற்றும். 2008இலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கு இதைத் தடை செய்துவிட்டது.

இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி இல்லாமல் இல்லை. புப்ரோபியான் மனச்சோர்வுக்கான மருந்து, 1997இலிருந்து சிகரெட்டை விடவும் கொடுக்கிறார்கள். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு இதையே வேறு பெயரில் சாப்பிடுகிறவர்கள் இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம் 2 மி.கி. சீட்டில்லாமலே கிடைக்கும், ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பாகச் சாப்பிடுகிறார்கள். மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். வெற்றிலை போடுகிற பாட்டியைப் பாருங்கள்: நாலு மெல்லு, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி அடக்கி வைப்பார். அதே மாதிரிதான். காரம் குறைந்ததும் திரும்ப நாலு மெல்லு, ஒதுக்கு. டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் மருந்து சரியாக ஏறாது. ஒட்டையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்லது.

பேச ஆள் வேண்டுமென்றால் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற எண் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். மாத்திரையோடு பேச்சும் சேர்ந்தால் பலன் கூடும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: சிறுநீரகத்தில் குறை உண்டா (இந்த மாத்திரை பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, குறை அதிகம் என்றால் அளவு பாதிதான்), எப்போதாவது வலிப்போ மனநலச் சிகிச்சையோ இருந்ததா, இதய நோய் உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். பெயர் தெரியாவிட்டால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதைச் சொல்லி டாக்டர் சரி என்றால், அடுத்த நாள் காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் முதல் 0.5 மாத்திரையைக் கொடுத்துவிடலாம், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு.